சட்பரியிலிருந்து திரும்பும் வழியில்

அக்காவின் மகள் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வடக்கே உள்ள சட்பரியில், லோரன்ஷியன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நத்தார் விடுமுறை முடிந்ததும் அவளைக் கொண்டுபோய் விடுவது ஒவ்வொரு ஜனவரியும் எனக்கும் அத்தானுக்கும் விழுகிற வேலை. ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். கோடையில் நாலரை மணி நேரத்தில் போய்விடலாம். குளிர்காலத்தில் அந்தக் கணக்கைக் காற்றுத்தான் முடிவு செய்யும்.

400-ஆம் நெடுஞ்சாலையில் ஏறினால் பாரி சவுண்ட் தாண்டும்வரை அகலமான பெரிய வீதி. அதற்கு அப்பால் அதுவே 69 ஆகிறது. ஃபிரெஞ்ச் ரிவருக்குக் கிட்டப் போகும்வரை போக ஒரு லேன், வர ஒரு லேன். இரண்டு பக்கமும் வெட்டிய பாறைகள். பாறையிலிருந்து வழிந்த தண்ணீர் அப்படியே உறைந்து, நீலமும் மஞ்சளுமாகத் திரைச்சீலை போலத் தொங்கும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் மேற்கே ஜோர்ஜியன் விரிகுடா இருக்கிறது. அது நன்றாக உறையும்வரை, வடமேற்குக் காற்று அதன் மேலால் ஈரத்தை அள்ளிவந்து கரையில் ஸ்நோவாகக் கொட்டும். நல்ல வெயில் எறித்துக்கொண்டிருக்கும். அடுத்த வளைவில் முன்னால் போகிற காரின் சிவப்பு லைற் கூடத் தெரியாது. பத்து நிமிடத்தில் திரும்பவும் வெயில்.

இந்த வீதிக்காகவே காரை நவம்பரில் தயார்படுத்திவிடுவேன். முதல் வேலை ரயர். ஒன்ராறியோவில் வின்ரர் ரயர் கட்டாயம் இல்லை; பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டப்படி போட்டே ஆகவேண்டும். கட்டாயம் இல்லை என்பதால் எங்கள் ஆட்கள் பலர் ஓல் சீசன் ரயரிலேயே குளிர்காலம் முழுக்க ஓடுகிறார்கள். நகருக்குள் மட்டும் ஓடுபவர்களுக்கும் நான் அதைச் சரி என்று சொல்லமாட்டேன். 7 பாகைக்குக் கீழே போனால் அந்த ரப்பர் இறுகத் தொடங்கும். இறுகிய ரப்பர் ஐஸைப் பிடிக்காது. வாங்கும்போது ரயரின் பக்கத்தில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஸ்நோத் துகளும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். நாலு சில்லுக்கும் போடவேண்டும். தேய்ந்து 4 மில்லிமீற்றருக்குக் கிட்ட வந்துவிட்டால் அது ஸ்நோவுக்கு உதவாது. இன்னொன்று: 2016-இலிருந்து ஒன்ராறியோவில் காப்புறுதி நிறுவனங்கள் வின்ரர் ரயருக்குக் கழிவு தரவேண்டும். கேட்டு வாங்குங்கள்.

ரயரில் காற்றும் குளிருக்குக் குறையும். ஐந்தாறு பாகை இறங்கினால் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ இறங்கும். அதனால் மாதம் ஒரு தடவையாவது பார்ப்பேன். கண்ணாடி கழுவும் திரவம் மைனஸ் 40 என்று எழுதியதுதான் வாங்குவேன். கோடையில் ஊற்றிய மிச்சம் உள்ளே இருந்தால் அது குழாயிலேயே உறைந்துவிடும். லொறிகளுக்குப் பின்னால் போகும்போது உப்புச் சேறு கண்ணாடியில் படியப் படிய, ஒரு பயணத்திலேயே ஒரு கான் முடிந்துவிடுவதும் உண்டு. கூலன்ற், எண்ணெய், வைப்பர் எல்லாம் மெக்கானிக் பார்த்தார். பார்த்துவிட்டு, “எஞ்சின் பெல்ற்றில வெடிப்பு இருக்கு, மாத்தினால் நல்லது” என்றார். ரயருக்கே நிறையச் செலவு வந்திருந்தது. வசந்தத்தில் மாற்றலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போகும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. மருமகளை விட்டுவிட்டு, அத்தானின் கூட்டாளி ஒருவர் வீட்டில் இரவு தங்கினோம். விடிய எழும்பிப் பார்த்தால் மைனஸ் 31. சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றுவிட்டது. குளிர் கூடக் கூடப் பற்றறியின் பலம் இறங்கும். எஞ்சின் எண்ணெயும் தடித்துப்போவதால் அதைச் சுற்ற இன்னும் கூடுதல் பலம் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் நேற்றுவரை நன்றாக இருந்த பற்றறி ஒரே இரவில் கைவிடுகிறது. அந்தத் தெருவில் நின்ற மற்றக் கார்களைப் பார்த்தேன். அநேகமாக எல்லாவற்றின் முன் கிறில்லிலிருந்தும் ஒரு வயர் தொங்கியது. பிளாக் ஹீற்றர். எஞ்சினில் உள்ள கூலன்றைச் சூடாக்கி வைக்கும் சின்ன ஹீற்றர் அது. வெளியே உள்ள பிளக்கில் செருகிவிட்டால் இரண்டு மூன்று மணி நேரம் போதும். ரொறன்ரோவில் வாங்கிய என் காரில் அது இல்லை.

வீட்டுக்காரர் தன் காரைக் கொண்டுவந்து முகத்துக்கு முகம் நிறுத்தினார். நல்ல பற்றறியிலிருந்து செத்த பற்றறிக்குக் கேபிளால் பலம் கொடுத்துப் பூஸ்ற் பண்ணுவதில் பலரும் பிழைவிடுகிற இடம் ஒன்று உண்டு. சிவப்புக் கேபிளை முதலில் செத்த பற்றறியின் பிளஸ்ஸில், பிறகு நல்ல பற்றறியின் பிளஸ்ஸில். கறுப்பை நல்ல பற்றறியின் மைனஸில். கடைசி முனையைச் செத்த பற்றறியில் கொழுவக்கூடாது. பற்றறியிலிருந்து தள்ளி, பெயின்ற் இல்லாத ஓர் இரும்பில் கொழுவவேண்டும். கடைசியாகக் கொழுவும்போது நெருப்புப் பொறி பறக்கும். பற்றறிக்குப் பக்கத்தில் ஹைட்ரஜன் வாயு இருந்தால் வெடிக்கும். அதைவிட முக்கியம், பற்றறி உறைந்து வீங்கியிருந்தால் தொடவே கூடாது. என்னுடையது வீங்கவில்லை. ஐந்து நிமிடத்தில் எஞ்சின் பிடித்தது.

புறப்படும்போது நான் வழக்கம்போலச் சின்ன ஜக்கற்றோடு போய் ஏறினேன். கார் சூடாகிவிட்டால் தடித்த உடுப்போடு இருக்க எரிச்சல் வரும். அத்தான் ஏறாமல் வெளியிலேயே நின்றார்.

“தம்பி, கார் ஓடும் எண்டு உடுத்தாதையும். நிண்டுபோனால் எண்டு உடுத்தும்.”

திரும்ப உள்ளே போய் ஸ்நோக் காற்சட்டை, பெரிய ஜக்கற், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு வந்தேன். 2010 டிசம்பரில் சார்னியாவுக்குக் கிட்ட 402-ஆம் நெடுஞ்சாலையில் 300 பேருக்கு மேல் ஸ்நோவில் அகப்பட்டு, இராணுவ ஹெலிகொப்ரர்கள் வந்து ஏற்றியதைச் செய்தியில் பார்த்த நாளிலிருந்து அத்தான் இப்படித்தான். அவருடைய பை ஒன்றும் எப்போதும் காரில் வரும்.

ஃபிரெஞ்ச் ரிவர் தாண்டி, இரண்டு லேன் தொடங்கி, 529-ஆம் சாலை பிரியும் பலகையைக் கடந்து கொஞ்ச நேரம் இருக்கும். ‘டப்’ என்று ஒரு சத்தம். பற்றறி லைற் பற்றியது. ஸ்ரியரிங் கல்லுப்போல இறுகியது. “சூட்டு முள்ளைப் பாரும்” என்றார் அத்தான். அது ஏறிக்கொண்டிருந்தது. முழுப்பலத்தோடு ஸ்ரியரிங்கை இழுத்து, முடிந்தவரை வலது பக்கம் ஒதுக்கி எஞ்சினை நிறுத்தினேன். பெல்ற் அறுந்துவிட்டது. என் காரில் அந்த ஒரு பெல்ற்தான் பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றும் ஓல்ரநேற்றர், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்ப், ஸ்ரியரிங் பம்ப் மூன்றையும் சுற்றுகிறது.

ஸ்நோவில் அகப்பட்டால் என்ன செய்வது என்று படித்தவர்களுக்குத் தெரியும்: காரைவிட்டு இறங்கிப் போகாதே, மணிக்குப் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு ஹீற்றரைப் போடு, அதற்கு முன் புகைக்குழாயை ஸ்நோ மூடாமல் தோண்டிவிடு, காற்றடிக்காத பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கு, இல்லாவிட்டால் கார்பன் மொனொக்சைட் உள்ளே வந்து கொல்லும். எல்லாம் சரியான அறிவுரை. ஆனால் அது எஞ்சின் ஓடும் என்ற நம்பிக்கையில் சொன்னது. தண்ணீர்ப் பம்ப் சுற்றாத எஞ்சினை ஓடவிட்டால் எஞ்சின் வெந்துபோகும். எங்களுக்கு ஹீற்றர் இல்லை. நாங்கள் போட்டிருந்த உடுப்பும் அந்தப் பையும்தான்.

பை டிக்கியில் இருந்தது. டிக்கி மூடி ஐஸில் ஒட்டிப்போய், இழுத்தாலும் தட்டினாலும் திறக்கவில்லை. கடைசியில் பின்சீற்றை மடித்து, கையை உள்ளே விட்டுத் துழாவி இழுத்தெடுத்தோம். வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் முக்கோணம் ஒன்றைக் காருக்குப் பின்னால் தூரத்தில் கொண்டுபோய் வைத்தேன். திரும்பி வந்து ஏறுவதற்குள் என் மூக்குக்குள் மயிர் உறைந்து குத்தியது.

போனில் சிக்னல் இல்லை. ஐபோன் 14-இலிருந்து சற்றலைற் வழியாக அவசர உதவி கேட்கும் வசதி கனடாவில் இருக்கிறது. எங்கள் இருவரின் போனும் அதற்கு முந்தியவை. பதினைந்து நிமிடத்தில் ஒரு பிக்கப் நின்றது. ஓட்டி வந்த பெண், சிக்னல் வந்த உடனே, நின்றுபோன காரை இழுத்துப்போகும் ரோ ட்றக்குக்குச் சொல்வதாகச் சொல்லி, எங்கே நிற்கிறோம் என்று கேட்டார். 529 பலகை கண்ணில் பட்டிருந்ததால் சொல்ல முடிந்தது. அதற்குப் பிறகு நான் அந்த வீதியில் கடந்துபோகும் ஒவ்வொரு பலகையையும் மனதில் வைத்துக்கொள்கிறேன்.

அரை மணி நேரத்தில் காருக்குள் இருந்த சூடு முழுதாகப் போய்விட்டது. எங்கள் மூச்சு கண்ணாடியின் உட்புறத்தில் படிந்து உறைந்தது. முதலில் மங்கலாக, பிறகு பன்னத்தின் இலை விரிவது போலக் கோடு கோடாக. நகத்தால் சுரண்டினால் மாவு போல உதிர்ந்தது. அத்தான் பையிலிருந்து வெறும் பால்மா ரின் ஒன்றை எடுத்து, அதற்குள் தடித்த மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தி இரண்டு சீற்றுக்கும் நடுவில் வைத்தார். கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு இறக்கினார். ஒரு மெழுகுதிரி காரைச் சூடாக்கிவிடாது. ஆனால் கையுறையைக் கழற்றி விரல்களை ரின்னோடு சேர்த்துப் பிடித்தபோது உயிர் வந்தது. இருவரும் ஒரு கம்பளிக்குள் இருந்தோம். தண்ணீர்ப் போத்தல் கல்லாகிவிட்டது. பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியும் அக்கா கட்டித்தந்த பயத்தம் பணியாரமும்தான் சாப்பாடு. போனின் சார்ஜ் குளிரில் விறுவிறென்று இறங்கியதால் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். கால் விரல்தான் முதலில் மரத்தது. அத்தான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்னைக் காலை அசைக்கச் சொன்னார், நான் சரி என்று சொன்னாலும் குனிந்து பார்த்தார்.

ரோ ட்றக் வர ஏறத்தாழ மூன்று மணி நேரம் எடுத்தது. அன்று தெற்கே ஸ்நோ கொட்டி நிறையக் கார்கள் வீதியைவிட்டு இறங்கியிருந்தனவாம். பாரி சவுண்டில் ஒரு கராஜில் புதுப் பெல்ற் போட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அறுந்த பெல்ற்றை அந்த மெக்கானிக் உட்புறம் வெளியே தெரியும்படி வளைத்துக் காட்டினார். ஒவ்வொரு வரியிலும் வெடிப்பு, விரல்நகம் போகிற அளவுக்கு. நவம்பரில் சொன்னதும் இதைத்தான். அத்தான் அதைப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

பெப்ரவரி விடுமுறைக்கு மருமகளைக் கூட்டிவர முன், காரில் பிளாக் ஹீற்றர் போட்டேன், நாலு வருடப் பற்றறியை மாற்றினேன், கதவு ரப்பர்களுக்கும் டிக்கி ரப்பருக்கும் சிலிக்கோன் அடித்தேன். புறப்பட முன் ஒன்ராறியோவின் வீதித் தகவல் சேவையான 511-இல் வீதி நிலைமை பார்த்தேன். பெற்றோலைப் பாதிக்குக் கீழே இறங்க விடவில்லை. பையில் இன்னொரு கம்பளி, இன்னும் இரண்டு மெழுகுதிரி, சின்னச் சவள் ஒன்று, சில்லு சுற்றினால் போட ஒரு பொதி மணல்.

சட்பரியில் அவள் உடுப்புப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து பின்கதவைத் திறந்தாள். சீற்றில் அத்தானின் பை இருந்தது.

“அப்பா, இதைப் பின்னால போடட்டா? நான் இருக்கவேணுமே.”

“உன்ர பெட்டியைப் பின்னால போடு. பை அங்கதான் இருக்கும்” என்றார் அத்தான். அவள் பையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, பக்கத்தில் ஒடுங்கி இருந்துகொண்டாள்.