பாலாடையும் 2.5 மி.லி.யும்

சம்பா அறுப்புக்கு மிஷின் இறங்கியதும் எங்கள் வீட்டில் முதலில் தும்முவது மகள்தான். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் எங்கள் ஊர். கொல்லையைத் தாண்டினால் வயல். தை பிறந்தால் ஒரு பக்கம் அறுப்புத் தூசு, இன்னொரு பக்கம் வைக்கோல் கட்டுகிற மிஷின், போதாததற்கு ரோட்டிலேயே நெல் காயும். சுணை பட்டால் பெரியவர்களுக்கு உடம்பு அரிக்கும், குளித்தால் போய்விடும். மூன்றரை வயதுக் குழந்தைக்கு அப்படியில்லை. மூக்கு ஒழுகி, கண் சிவந்து, ராத்திரி முழுக்க மூக்கைத் தேய்த்துக்கொண்டே கிடந்தாள்.

அன்று மாலை கடைத்தெருவுக்குப் போன என் வீட்டுக்காரர் மருந்துக்கடையில் சொல்லி ஒரு சளி மருந்து வாங்கி வந்தார். டாக்டர் சீட்டு ஏதும் இல்லை. ஆறு மணிக்கு அத்தை அதைப் பாலாடையில், அதாவது குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கில், ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் குழந்தைக்கு எந்த மருந்தானாலும் பாலாடைதான், என் வீட்டுக்காரரும் அதில் குடித்து வளர்ந்தவர்தான். எனக்கு இது தெரியாது. எட்டரை மணிக்கு நான் அலமாரியில் இருந்த போன வருடத்து செட்ரிசின் சிரப்பை எடுத்து, சமையல் கரண்டியில் ஒரு கரண்டி கொடுத்தேன். ஒன்று சளிக்கு, ஒன்று அலர்ஜிக்கு. இரண்டும் வேறு வேறு என்றுதான் யார் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

பத்து மணிக்குத் தண்ணீர் கொடுக்க எழுப்பினால் எழவில்லை. கண்ணைத் திறந்து, உடனே மூடிக்கொண்டாள். கையைத் தூக்கிவிட்டால் தொப்பென்று விழுந்தது. “அசந்து தூங்குறா, விடும்மா” என்றார்கள் அத்தை. எனக்கு மனசு கேட்கவில்லை. வண்டியை எடுக்கச் சொன்னேன். கிளம்பும்போது ஏதோ தோன்றி இரண்டு பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டேன். அன்று நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

அரசு மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த டாக்டரம்மா முதலில் கேட்டதே, “பாட்டில் இருக்கா? எத்தனை மணிக்கு, எவ்வளவு? எடை எவ்வளவு?” என்றுதான். எடை மட்டும் எனக்குத் தெரியவில்லை, அங்கேயே நிறுத்துப் பார்த்தார்கள், 13 கிலோ. பிறகு சளி மருந்துப் பாட்டிலை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். குளோர்பெனிரமின், மூக்கடைப்புக்கான பினைல்எப்ரின், பாராசிட்டமால் மூன்றும் அதற்குள்ளேயே இருந்தன. குளோர்பெனிரமினும் அலர்ஜி மருந்துதான், செட்ரிசினுக்குப் பெரியப்பா முறை. பழைய தலைமுறை என்பதால் மூளைக்குள் போய்த் தூக்கத்தை அழுத்தும். சில குழந்தைகளுக்கு நேர்மாறாக, தூங்கவே விடாமல் துள்ள வைக்குமாம். செட்ரிசினில் தூக்கம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. ஆக, பெயரும் பாட்டிலும் வேறாக இருந்தாலும் ஒரே வேலையைச் செய்கிற மருந்தை இரண்டரை மணி நேரத்தில் இரண்டு தடவை கொடுத்திருக்கிறோம். நல்லவேளை, காய்ச்சல் என்று தனியாகப் பாராசிட்டமால் சிரப்பும் ஊற்றவில்லை.

குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது, அதை லேபிளிலும் போட வேண்டும் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. எங்கள் பாட்டிலிலும் அந்த வரி இருந்தது. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, அதுவும் ஆங்கிலத்தில்.

விடியும்வரை அங்கேயே வைத்திருந்தார்கள். மூச்சையும் நாடியையும் பார்ப்பதும் எழுப்பிப் பார்ப்பதும்தான் வைத்தியம். நாலு மணிக்கு எழுந்து பிஸ்கட் கேட்டாள். நான் அப்போதுதான் அழுதேன்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து அளந்து பார்த்தேன். அத்தை ஊற்றும் முக்கால் பாலாடை 8 மி.லி. என் கரண்டி 7. டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது, 5 மி.லி.யில் 5 மி.கி. இருக்கிற செட்ரிசின் சிரப், ராத்திரியில் 2.5 மி.லி. அவ்வளவுதான். துப்பினாலும் வாந்தி எடுத்தாலும் கேட்காமல் மறுபடி ஊற்றக் கூடாது. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்க்கக் கூடாது. பழைய பாட்டிலைத் தூக்கிப் போடச் சொன்னார். காலாவதித் தேதி இன்னும் வரவில்லையே என்றேன். அது மூடி திறக்காத பாட்டிலுக்குப் போட்ட தேதி, ஒரு வருடமாகத் திறந்து கிடப்பதற்கு இல்லை என்றார்.

இந்த அளவு என் மகளுக்கு. உங்கள் பிள்ளைக்கு வயதும் எடையும் வேறு, பாட்டிலும் வேறாக இருக்கும். செட்ரிசினுக்கு நெருங்கிய சொந்தமான லிவோசெட்ரிசின் சிரப்பில் பெரும்பாலும் 5 மி.லி.க்கு 2.5 மி.கி. தான். எண் பாதி என்பதால் வீரியம் பாதி என்று நினைத்து அளவைக் கூட்டிவிட வேண்டாம். இன்னொரு தடவை கடையில் மான்டெலுகாஸ்ட் என்ற ஆஸ்துமா, அலர்ஜி மருந்து சேர்ந்த சிரப்பை நீட்டினார்கள். குழந்தைகளுக்குக் கெட்ட கனவு, குணமாற்றம் வரலாம் என்று அந்த மருந்துக்கு 2020 மார்ச்சில் அமெரிக்காவில் கடுமையான எச்சரிக்கை போட வைத்தார்கள். தேவைப்படும் பிள்ளைகளுக்கு அது நல்ல மருந்துதான், ஆனால் டாக்டர் எழுதாமல் நானாக வாங்கமாட்டேன்.

சிரப்பை எதற்கு நம்பக் கூடாது என்பதையும் அன்றே கேட்டுக்கொண்டேன். உதடு, நாக்கு வீங்கினால், மூச்சு இழுத்தால், தடிப்போடு வாந்தியோ மயக்கமோ வந்தால் சிரப்பை ஊற்றிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. 108தான். தும்மல், மூக்கு ஒழுகல், அரிப்பு, இவ்வளவுதான் சிரப்பின் எல்லை.

பெரியவர்களுக்கும் இந்த வம்பு உண்டு. புராஸ்டேட் தொந்தரவு இருக்கிற எங்கள் சின்ன மாமா சளி மாத்திரை போட்டுக்கொண்டு, ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் அடைத்துத் தவித்தார். அதிலும் குளோர்பெனிரமின்தான்.

இப்போது அறுப்பு நாட்களில் வயல் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். வைக்கோல் போரை மாட்டுக்கொட்டகைக்கு அந்தப்பக்கம் தள்ளியாயிற்று. வயலிலிருந்து வருகிறவர் குளித்து வேட்டி மாற்றாமல் பிள்ளையைத் தூக்கக் கூடாது, அதில் மட்டும் நான் கறார். மருந்தின் தேவையே பாதியாகக் குறைந்துவிட்டது.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அளவு மூடியில் 2.5 கோட்டின் மேல் சிவப்பு நகப்பாலிஷ் தடவி வைத்திருக்கிறேன். பாட்டிலில் ஒட்டிய பிளாஸ்திரியில் திறந்த தேதி. கொடுத்ததும் காலண்டரில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். நேற்று ராத்திரி அடுப்படியிலிருந்து குரல் வந்தது: “ஏம்மா, இன்னிக்குப் புள்ளி இல்லையே, நீ கொடுத்துட்டியா, நான் கொடுக்கவா?”