தேய்ந்த நாடா

அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அண்ணாவின் பழைய கசெற் ஒன்று அகப்பட்டது.

நாடாவை இழுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரிடத்தில் மண்ணிறப் பூச்சு கழன்று, அங்கால் நிற்கும் வேப்பமரம் மங்கலாகத் தெரிந்தது.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் ஏது? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்றுவேன், டைனமோவில் பாட்டு வரும். என் கை ஓய்ந்தால் பாடகரின் குரலும் இழுபடும்.

“சுத்தடா தம்பி!”

அந்தக் கசெற்றில் குயீன் என்ற பிரித்தானிய இசைக்குழுவின் ‘பொஹீமியன் ரப்சடி’ பாட்டும் இருந்தது. 1975இல் அதைப் பதியும்போது நாடாவில் ஒலிகளைத் தனித்தனியே பதியும் 24 தடங்களும் போதாமல் குரலுக்கு மேல் குரலாகத் திரும்பத் திரும்பப் பதிந்தார்கள். நாடா தேய்ந்து மறுபக்கம் தெரிந்ததாம். கிற்றார்காரர் பிரையன் மே சொன்ன கதை.

மொத்தம் 5 நிமிடம் 55 வினாடி. வானொலிக்கு இது நீளம் கூட என்றார்கள். லண்டனில் கெனி எவரெற் என்ற அறிவிப்பாளர் ஒரே வார இறுதியில் 14 தடவை போட்டுவிட்டார். அப்புறம் என்ன, பிரித்தானியாவில் 9 வாரம் முதலிடம்.

(எங்கள் வீட்டில் அதைவிடக் கூட. கணக்கு என் முழங்கைக்குத் தெரியும்.)

நாடாவைப் படமெடுத்து அண்ணாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

“இன்னும் சுத்துறியோ?” என்று கேட்டிருக்கிறார்.