சின்ன மில்லிங் இயந்திரத்துக்கு எந்த வைஸ்?

மேசைமேல் வைக்கும் சிறிய சிஎன்சி (கணினி வழி இயங்கும்) மில்லிங் இயந்திரத்துக்கு ஆறு அங்குல வைஸ், அதாவது வெட்டும் பொருளை இரு தாடைகளுக்கு இடையே இறுகப் பிடிக்கும் கருவி, வாங்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். இயந்திரத்தின் மேசையை அடைத்துக்கொள்ளும், அந்த மேசையை நகர்த்தும் மோட்டார் எடை தாங்காமல் திணறும், கட்டருக்குக் கீழே இருக்கிற கொஞ்ச உயரத்தையும் அதுவே தின்றுவிடும். மூன்று அல்லது நான்கு அங்குலமே தாராளம். வைஸைத் திருப்ப உதவும் சுழலும் அடித்தளமும் வீண் சுமைதான்.

மலிவான வைஸின் பெரிய கோளாறு வேறு. திருகை இறுக்கும்போது நகரும் தாடை சற்றே மேலெழும்பும். பொருளும் கூடவே எழும்பும். இறுக்கிய பின் பொருளைச் சமமாகத் தாங்க அடியில் வைத்த பேரலல் கட்டையை விரலால் தள்ளிப் பாருங்கள். அது நகர்ந்தால் பொருள் சரியாக உட்காரவில்லை. வெட்டிய முகம் சாய்ந்துதான் வரும்.

என் ஓட்டு டூல்மேக்கர் வைஸுக்கு. அதன் போல்ட் தாடையைச் சாய்வாகக் கீழ்நோக்கி இழுப்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பொருளின் அகலம் வெகுவாக மாறினால் அடியிலிருக்கும் உருளையை வேறு பள்ளத்துக்கு மாற்ற வேண்டும். அவசரக்காரர்களுக்கு எரிச்சல் வரும். ஒரே அளவில் அடுத்தடுத்து வெட்டுபவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

எதை வாங்கினாலும், நிலைத்த தாடையின் நீளத்துக்கு டயல் கேஜை (நுண்ணிய விலகலையும் முள்ளால் காட்டும் அளவுகருவி) ஓட்டி, முள் அசையாமல் நின்ற பிறகே வைஸை மேசையோடு பிணைக்கும் போல்ட்டுகளை முழுதாக இறுக்குங்கள்.