கருமணல் எடுத்த பிறகு

நிலக்கரி தோண்டிய ஊர்களைப் பற்றி எங்கே படித்தாலும் எனக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரான எங்கள் மணவாளக்குறிச்சிதான் ஞாபகம் வரும். எங்கள் பக்கம் நிலக்கரி கிடையாது, கருமணல்தான். சின்ன வயதில் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைக் கடற்கரையில் இழுத்துக்கொண்டு ஓடுவோம். அதில் தாடி முளைத்த மாதிரி கறுப்பு மணல் ஒட்டிக்கொள்ளும். எங்கள் கருமணலில் பெரும்பங்கு இல்மனைட், டைட்டானியம் உள்ள கனிமம்.

1909இல் இங்கே வந்த ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர் தேடியது அதை அல்ல, அதே மணலில் கலந்திருக்கும் மோனசைட் என்ற இன்னொரு கனிமத்தை. அப்போது எங்கள் ஊரும் சேர்ந்திருந்த திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்கு வழி காட்டியது என்பார்கள். மோனசைட்டில் தோரியம் என்ற உலோகம் இருக்கிறது. கோயில் கொடைக்குப் பெட்ரோமாக்ஸ் கொளுத்துவதைப் பார்த்தவர்களுக்கு அதில் கட்டும் நூல்வலை, மேண்டில், தெரியும். முதலில் நூல் எரிந்து போகும், மிஞ்சும் தோரியம் சாம்பல்தான் வெள்ளையாக ஒளிவிடும். தொட்டால் உதிர்ந்துவிடும். ஐரோப்பாவின் எரிவாயுத் தெருவிளக்குகளில் மாட்டும் மேண்டிலுக்காகத்தான் எங்கள் மணல் கப்பலேறியது!

மின்விளக்கு பரவியதும் மேண்டிலின் மவுசு போனது. ஊர் முடிந்துபோகவில்லை. வெள்ளை பெயின்ட்டுக்கு டைட்டானியம் தேவைப்பட, அதுவரை இரண்டாம்பட்சமாக இருந்த இல்மனைட்டுக்கு விலை வந்தது. 1965இல் இங்கே மணலைப் பிரிக்கும் ஆலை மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். (இந்தியன் ரேர் எர்த்ஸ்) கைக்குப் போனது.

நிலக்கரிச் சுரங்கம் ஒருநாள் மூடும், அப்புறம் ஊரைச் சீரமைப்பது பற்றிப் பேசுவார்கள். இங்கே அப்படி ஒரு நாள் வருவதில்லை. பருவமழைக் காலத்துக் கடல் கனமான மணலைக் கரையில் மறுபடியும் ஒதுக்கிவிட்டுப் போகும். ஆனால் கரையைத் தாண்டி உள்ளே இருக்கும் மணல்மேட்டைக் கடல் வந்து நிரப்பாது. அங்கே பள்ளத்தை நாம்தான் மூட வேண்டும்.

என் மாமாவின் தோப்பில் மணல் எடுத்தார்கள். கறுப்பைப் பிரித்துவிட்டு மிச்ச வெள்ளை மணலைக் கொட்டிச் சமப்படுத்திக் கொடுத்தார்கள். பார்க்க நல்ல நிலம்தான். சவுக்கு வந்தது, கொல்லாமரமும் (முந்திரி) ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது. தென்னை மட்டும் மஞ்சளடித்து நின்றது. ஊற்றிய தண்ணீர் நிற்காமல் கீழே போய்விடும். மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்துக் கடைசியில் மேலே பரப்பியிருந்தால் இந்தப் பாடு இல்லை. அதைச் செய்யாமல் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மாமா குளத்து வண்டலை லாரியில் கொண்டுவந்து ஒவ்வொரு தென்னை மூட்டிலும் போட்டார், தேங்காய்த் தொண்டும் இலைதழைச் சவரும் புதைத்தார். இப்போது காய்க்கிறது. காய் சிறுசு. வியாபாரி விலையைக் குறைத்துத்தான் கேட்கிறார், மாமாவும் விடாமல் சண்டை போடுகிறார்.