கதவில் தெரிந்த வானம்

ஒரே காரை ஏழெட்டு வண்ணங்களில் காட்டும் விளம்பரக் கையேட்டைப் புரட்டுகிறவர்கள், அத்தனை கார்களையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் படம் எடுத்திருப்பார்கள் என்றே எண்ணுவார்கள். பல நேரங்களில் அப்படி நடப்பதில்லை. ஒரு காரை மட்டும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துவிட்டு, மற்ற வண்ணங்களைக் கணினியில் ஏற்றிவிடுவார்கள். 15 ஆண்டுகளாக நான் அந்த வேலையைச் செய்துவருகிறேன். "ஒரு ஸ்லைடரை நகர்த்தினால் முடிகிற வேலைதானே" என்று கேட்காத நண்பர் எனக்கு இல்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்று என்னிடம் வந்தது ஒரு சிவப்புக் கார். அதை நீலமாக்க வேண்டும். போட்டோஷாப்பில் பென் டூலால் காரின் உடலைச் சுற்றிப் பாதை வரைந்து, மற்ற இடங்கள் மாறாதபடி மறைக்கும் மாஸ்க் போட்டு, படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கான ஹியூ/சாச்சுரேஷன் லேயரில் ஹியூவை, அதாவது நிறத்தின் சாயலை, நகர்த்தினேன். கார் நீலமாகிவிட்டது. அரை நாளில் முடித்துவிட்ட பூரிப்போடு, எங்கள் பிரிவில் மூத்தவரான அக்காவிடம் காட்டினேன். அவர் முழுப் படத்தையும் பார்க்கவில்லை. பானெட்டின் மேல் விளிம்பை மட்டும் பெரிதாக்கி, "தம்பி, இங்க தெரியுறது பெயின்ட்டா, வானமா?" என்று கேட்டார்.

அப்போதுதான் நான் அந்த இடத்தை உண்மையில் பார்த்தேன். மூலப் படத்தில் வானத்தின் நீலம் சிவப்பின் மேல் படிந்து, அந்த விளிம்பு இளம் ஊதாவாக இருந்திருக்கிறது. நான் ஹியூவைத் திருப்பியபோது பெயின்ட்டோடு சேர்ந்து வானமும் திரும்பி, பச்சை கலந்த ஒரு நீலமாகிவிட்டது. காரைச் சுற்றியிருந்த உலகத்தில் அந்த நிறத்தில் எதுவும் இல்லை. பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், ஏதோ சரியில்லை என்று கண் சொல்லிவிடும்.

காரின் மேல் பூசப்படுவது ஒற்றைப் பூச்சு அன்று. அடியில் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேல் நிறமற்ற கிளியர் கோட். இந்த மேல்பூச்சு கண்ணாடியைப் போல நடந்துகொள்கிறது. நேருக்கு நேர் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஒளி சாய்வாக விழ விழ அந்த அளவு கூடிக்கொண்டே போகிறது. அப்படித் திரும்பி வரும் ஒளி பெயின்ட்டின் நிறத்தை எடுத்துக்கொள்வதில்லை. வானத்திலிருந்து வந்தால் வானத்தின் நிறமாகவும், சுவரிலிருந்து வந்தால் சுவரின் நிறமாகவுமே வருகிறது. ஆக, ஒரு காரின் படத்தில் இரண்டு படங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன: பெயின்ட்டின் படம் ஒன்று, சுற்றியிருக்கும் உலகத்தின் படம் இன்னொன்று. முதலாவதை மாற்றி இரண்டாவதைத் தொடாமல் விடுவதுதான் எங்கள் வேலை.

எப்படிப் பிரிப்பது என்பதையும் அக்காதான் காட்டினார். படத்தின் ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து வைத்திருக்கும் சானல்களைத் தனித்தனியாகத் திறக்கச் சொன்னார். நல்ல அடர்த்தியான சிவப்புப் பெயின்ட் பச்சை ஒளியையும் நீல ஒளியையும் ஏறத்தாழ முழுவதுமாக விழுங்கிவிடும். அதனால் பச்சை சானலைத் தனியே பார்த்தால் காரின் உடல் கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும். அதன் மேல் வானமும், மேகத்தின் ஓரமும், எதிரே நின்ற மரத்தின் கிளைகளும் மட்டும் மிதக்கும். அந்தக் காட்சியை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை. கதவில் தெரிந்த வானம் முழுவதும் எனக்காக அங்கே தனியே காத்திருந்தது போல இருந்தது. பெயின்ட்டைத் தனியாக மாற்றிக்கொண்டு, இந்தப் பிரதிபலிப்பை அதன் சொந்த நிறத்தோடு கீழே இருப்பதோடு வெளிச்சத்தைக் கூட்டும் ஸ்கிரீன் மோடில் மேலே வைத்தால், கார் மறுபடியும் உலகத்துக்குள் வந்து நிற்கும்.

அக்கா இந்தத் தொழிலுக்கு வந்தபோது போட்டோஷாப்பில் லேயரே கிடையாது. 1994-இல் 3.0 பதிப்போடு லேயர்கள் வந்தன, 1996-இல் 4.0 பதிப்போடு, மூலப் படத்தைத் தொடாமலே மாற்றம் செய்ய உதவும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் வந்தது. அதற்கு முன் செய்த மாற்றம் படத்திலேயே பதிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு கட்டத்திலும் தனிப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வாராம். கையை வைக்கும் முன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கும் அவருடைய பழக்கம் அங்கிருந்து வந்ததாகவே நான் நினைக்கிறேன்.

அடுத்துத் தடுமாறியது மஞ்சளில். கலர் என்ற பிளெண்ட் மோடு, அதாவது மேல் அடுக்கைக் கீழே இருப்பதோடு கலக்கும் முறை, அடிப்படத்தின் ஒளிர்வை அப்படியே வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஒளிர்வைக் கணக்கிடும்போது சிவப்புக்கு 30, பச்சைக்கு 59, நீலத்துக்கு 11 சதவீதம் என்ற விகிதத்தில் கணக்கிடுகிறது. தூய சிவப்பின் ஒளிர்வு 30. சிவப்பும் பச்சையும் சேர்ந்த தூய மஞ்சளின் ஒளிர்வு 89. எனவே சிவப்புக் காரின் மேல் எவ்வளவு பளிச்சென்ற மஞ்சளை ஊற்றினாலும் கிடைப்பது சேறு கலந்தாற்போன்ற ஒரு பழுப்புதான். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ் கொண்டு பெயின்ட்டின் ஒளிர்வைத் தனியே உயர்த்த வேண்டும். முழுப் படத்தையும் சேர்த்து உயர்த்தினால், ஏற்கெனவே வெளுத்திருக்கும் பிரதிபலிப்பு முற்றாக வெளிறிப்போய்விடும். பெயின்ட்டையும் வானத்தையும் பிரித்து வைத்தவருக்கு இந்தச் சிக்கல் வராது.

வெள்ளை, சாம்பல், கறுப்புக் கார்களில் ஹியூவை எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் நடக்காது. திருப்புவதற்கு அங்கே நிறம் இல்லை. வெள்ளைக் காரின் மேல், கீழே இருப்பதை இருட்டாக்கிக் கலக்கும் மல்டிப்ளை மோடில் வண்ணத்தை ஏற்றலாம். நிழல்கள் எல்லாம் படத்திலேயே இருப்பதால் அது நன்றாகவே வரும். கறுப்பை வெள்ளையாக்கச் சொன்னால், வேறு படம் எடுத்துத் தரும்படிதான் கேட்கிறேன். கறுப்புக் காரின் படத்தில் இருப்பது பெரும்பாலும் பிரதிபலிப்பு மட்டுமே. கதவு எங்கே வளைகிறது, நிழல் எங்கே மெல்ல இறங்குகிறது என்று சொல்ல வேண்டிய ஒளி அங்கே பதிவாகவே இல்லை. இல்லாததைக் கற்பனையால் வரைந்து தருவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

மெட்டாலிக் பெயின்ட்டில் நிறம் பொருந்தினாலும் போதாது. அதற்குள் இருக்கும் நுண்ணிய அலுமினியத் துகள்களால், ஒளியை நோக்கிய பகுதி பளிச்சென்றும், உடல் வளைந்து விலகும் பகுதி சட்டென இருண்டும் தெரியும். சாதாரணச் சிவப்பிலிருந்து மெட்டாலிக் நீலத்துக்கு மாற்றும்போது இந்த ஏற்ற இறக்கத்தைக் கையால் சேர்க்காவிட்டால் கார் பிளாஸ்டிக் பொம்மை போல ஆகிவிடும். அலைபேசி வழியே சுருங்கி வரும் ஜேபெக் கோப்புகள் இன்னொரு தொல்லை. அவற்றில் பலவும் ஒளிர்வை ஒவ்வொரு பிக்சலுக்கும் வைத்துக்கொண்டு, நிறத்தை நான்கு பிக்சலுக்கு ஒன்று என்ற கணக்கில் மட்டுமே வைத்திருக்கும். அதனால்தான் எவ்வளவு துல்லியமாக மாஸ்க் வெட்டினாலும், பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு நிகழ்ச்சியையும் எழுத வேண்டும். தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டில், ஒரு காரின் பின்கதவு மட்டும் சற்றே வேறு சாயலில் இருக்கிறது, மற்றப் பகுதிகளோடு பொருந்தும்படி செய்து தாருங்கள் என்று ஒரு வேலை வந்தது. கேமரா செய்த பிழையாக இருக்கும் என்று நினைத்து, ஒரு மணி நேரத்தில் அழகாகப் பொருத்திக் கொடுத்தேன். அது ஒரு பழைய கார் என்பதும், அந்தக் கதவு அடிபட்டுப் பின்னர் மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டது என்பதும், படம் விற்பனைக்காகக் கேட்கப்பட்டது என்பதும் பிறகுதான் தெரிந்தது. வாங்கப்போகிறவர் பார்த்திருக்க வேண்டிய ஒரே அடையாளத்தை என் கையாலேயே அழித்துவிட்டேன். அது இன்றும் என்னை உறுத்துகிறது. அதன் பின், படம் எதற்காக என்று கேட்டு அறியாமல் எந்தக் காரின் நிறத்தையும் நான் தொட்டதில்லை. கேட்பது சிலருக்குப் பிடிப்பதில்லை. வேலை கைவிட்டுப் போனதும் உண்டு.

இப்போது அக்கா பணி ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய நாற்காலியில் நான் இருக்கிறேன். சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், சிவப்பிலிருந்து வெள்ளியாக மாற்றிய படம் ஒன்றைக் கொண்டுவந்தார். வானத்தைச் சரியாகப் பிரித்திருந்தார். பின்விளக்கின் சிவப்பை விட்டுவைத்திருந்தார். ஈரத்தரையில் காரின் அடியில் பரவியிருந்த சிவப்பையும், பக்கத்து வெள்ளைக் கோட்டில் படிந்திருந்த செம்மையையும் நான் சொல்லாமலே எடுத்திருந்தார். நான் கதவின் கைப்பிடியைப் பெரிதாக்கினேன். கைப்பிடிக்குப் பின்னால் விரல் நுழையும் குழிவில் பெயின்ட்டின் மேலேயே பெயின்ட்டின் ஒளி பட்டுத் திரும்புவதால், அங்கே நிறம் மற்ற இடங்களைவிட அடர்ந்திருக்கும். அந்தக் குழியின் அடியில் ஒரு நகக்கண் அளவுக்குச் சிவப்பு மீதம் இருந்தது.

"இங்க பாருங்க தம்பி" என்றேன். அவர் குனிந்து சற்று நேரம் பார்த்துவிட்டு, "பக்கத்துக் கதவுலயும் இருக்கும் அண்ணா, அதையும் பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.