டீரெய்லர் புதுசு, ஹேங்கர் பழசு

குறைந்த விலை மவுண்டன் பைக்கில் கியர் ஒழுங்காக விழவில்லை என்றால் கடையில் முதலில் வரும் பேச்சு, "பின் டீரெய்லர் போச்சு, மாத்திருவோம்" என்பதுதான். டீரெய்லர் என்பது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததுக்குத் தள்ளும் பாகம். பல நேரம் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதைத் தாங்குகிற ஹேங்கர் (பின் அச்சருகே ஃபிரேமில் உள்ள சின்னத் தகடு) வளைந்திருக்கும், அல்லது கியர் வயரின் அவுட்டருக்குள் (மேலுறைக்குள்) துரு ஏறியிருக்கும். இரண்டையும் அப்படியே விட்டுவிட்டுப் புதுசைப் பூட்டினால் காசு போகும், கோளாறு போகாது.

குமரி மாவட்டத்தில் இது அடிக்கடி நடக்கக் காரணம் இருக்கிறது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் உப்புக்காற்று. ஆண்டில் இரண்டு பருவமழை. கடற்கரையை விட்டு மேலே ஏறினால் குலசேகரம், பேச்சிப்பாறை ரப்பர் தோட்டங்களின் செம்மண் பாதை. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கார்னெட்டும் சிர்க்கானும் கலந்திருக்கின்றன. கார்னெட் என்பது உப்புத்தாள் செய்யப் பயன்படும் கனிமம். அந்த மணல் எண்ணெய்ச் செயினில் ஒட்டினால் என்ன செய்யும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

ஆகவே ஸ்பேனரை எடுக்கும்முன் மூன்று சோதனை.

முதலில் ஹேங்கர். செயினை மிகச்சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்து சைக்கிளுக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். டீரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் பல்சக்கரத்தோடு ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். கீழ்ச்சக்கரம் பின்சக்கரக் கம்பிகளை நோக்கிச் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்துவிட்டது. வலப்பக்கமாக ஒரு தடவை விழுந்தாலே போதும், பஸ்ஸில் ஏற்றும்போது அந்தப் பக்கம் அமுங்கினாலும் போதும். துல்லியமாகப் பார்க்க டீரெய்லரைக் கழற்றிவிட்டு, 10 மி.மீ. அச்சு உள்ள இன்னொரு பின் சக்கரத்தின் அச்சு முனையை ஹேங்கர் துளையில் திருகுங்கள். துளையின் மரை 10 மி.மீ., பிட்ச் 1 மி.மீ.; குவிக் ரிலீஸ் அச்சு அதில் சரியாக ஏறும். இப்போது இரண்டு ரிம்முக்கும் உள்ள இடைவெளியை மேல், கீழ், முன், பின் என்று நாலு இடத்தில் அளந்தால், வித்தியாசம் 4 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. இரும்பு ஹேங்கர் என்றால் அந்தச் சக்கரத்தையே பிடித்து மெல்ல நிமிர்த்தலாம். அலுமினியம் ஒரு தடவை தாங்கும், மறுதடவை ஒடியும். தனியாகக் கழற்றும் வகை என்றால் புதுசு வாங்கிவிடுவதே நல்லது.

அடுத்தது வயர். செயினைப் பெரிய பல்லில் (பின்னால் உள்ள மிகப்பெரிய பல்சக்கரத்தில்) நிறுத்தி, பெடலைச் சுற்றாமல் லீவரை மட்டும் சின்னப் பல்லுக்கான 7-க்குத் தட்டினால் வயர் தளரும். அவுட்டரை ஃபிரேம் கொக்கியிலிருந்து எடுத்து, உள்வயர்மேல் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். நறநற என்றால் துருதான். டீரெய்லருக்குள் போகிற கடைசி வளைவில்தான் தண்ணீர் தங்கும், அங்கேதான் முதலில் அரிக்கும்.

பிறகு செயின். புதுச் செயினில் 12 முழுக் கண்ணியின் (உள், வெளி ஜோடி சேர்ந்தால் ஒன்று) நீளம் 304.8 மி.மீ. அது 306.5-ஐத் தாண்டினால் செயினை மாற்றும் நேரம். 308-ஐத் தொட்டுவிட்டால் ஃப்ரீவீல் (பின் பல்சக்கரத் தொகுதி) பல்லும் தேய்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஏற்றத்தில் சவுட்டும்போது மட்டும் செயின் வழுக்கினால் அந்தப் பழி டீரெய்லருக்கு இல்லை, பல்லுக்கு.

இத்தனைக்குப் பிறகும் குற்றவாளி டீரெய்லர்தான் என்றால் (மூட்டுகளில் ஆட்டம், குட்டிச் சக்கரங்களைத் தாங்கும் கூண்டில் முறுக்கு, ஸ்பிரிங் செத்துப்போனது) வாங்கப் போகலாம். தப்பு நடப்பது பெரும்பாலும் வாங்கும்போதுதான். ஷிமானோவின் டூர்னி டீரெய்லரே இரண்டு விதமாக வருகிறது. ஒன்று ஹேங்கர் துளையில் நேராகத் திருகுவது. மற்றது ஹேங்கர் இல்லாத ஃபிரேமுக்கு, அச்சு நட்டுக்கடியில் பிடிக்கும் கொக்கித் தகடோடு வருவது. பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பெரிய பல்சக்கரத்தில் 34 பல் என்றால் 28 பல் வரைக்கான குட்டைக் கூண்டு ஆகாது. முன் சக்கரங்கள் மூன்றிலும் 42-34-24 பல், பின்னால் 14 முதல் 34 வரை என்றால் (42−24) + (34−14) = 38 பல் அளவுக்குச் செயினை இழுத்துச் சுருட்டும் திறன் வேண்டும். டூர்னி டிஒய் 300 மாடலின் திறன் 43, அது போதும். கூடவே 1.2 மி.மீ. உள்வயரும் 4 மி.மீ. கியர் அவுட்டரும் வாங்குங்கள். பிரேக் அவுட்டரை வெட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதன் சுருள் அமுங்கிக்கொடுக்கும், கியர் ஒருநாளும் சரியான இடத்தில் நிலைக்காது.

கழற்றுவது எளிது. முன்னும் பின்னும் செயினைச் சின்னப் பல்லில் வைத்து, வயரைப் பிடிக்கும் 9 மி.மீ. நட்டையோ 5 மி.மீ. ஆலன் போல்ட்டையோ தளர்த்தி வயரை விடுவித்தல். செயினை வெட்ட வேண்டியதில்லை. கீழ்க் குட்டிச் சக்கரத்தின் போல்ட்டைக் கழற்றி, மேலுள்ளதைத் தளர்த்தினால் கூண்டு திறந்து செயின் வெளியே வந்துவிடும். டீரெய்லரை ஹேங்கரில் பிடிக்கும் பெரிய போல்ட் துருவில் இறுகியிருந்தால் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள்.

பூட்டும்போது ஹேங்கர் மரையில் பெயின்ட் இருந்தால் சுரண்டிவிட்டுக் கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் மூன்று சுற்றையும் கையால் மட்டும் திருகுங்கள். ஸ்பேனரோடு தொடங்கினால் மரை குறுக்கே ஏறி, அலுமினியத் துளை ஒரே நிமிடத்தில் பாழ். டீரெய்லரின் சின்ன நாக்கு ஹேங்கரின் பின்விளிம்புக்குப் பின்னால் உட்கார வேண்டும். அதன்மேல் ஏறி நின்றால் எவ்வளவு டியூன் செய்தாலும் பயனில்லை.

வயர் மாட்டும் முன்பே எச் ஸ்குரூ (டீரெய்லரின் வெளிப்பக்க எல்லையை வைப்பது). பின்னாலிருந்து பார்த்தால் மேல் குட்டிச் சக்கரம், சின்னப் பல்லின் வெளிவிளிம்புக்கு நேர் கீழே நிற்க வேண்டும். பிறகு கையால் டீரெய்லரை உள்ளே தள்ளிக்கொண்டே பெடலைச் சுற்றி, பெரிய பல்லுக்கு நேராக நிற்கும்படி எல் ஸ்குரூவை (உள்பக்க எல்லை) வையுங்கள். இதில் சோம்பல் கூடாது மக்கா. எல் தளர்வாக இருந்தால் செயின் பெரிய பல்லைத் தாண்டிக் கம்பிக்குள் விழும். கீரிப்பாறை ஏற்றத்தில் அது நடந்தால் டீரெய்லரோடு சேர்ந்து நாலைந்து கம்பியும் போகும்.

இப்போது லீவர் 7-இல், அட்ஜஸ்டரை (வயரின் இழுப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகு) முழுக்க உள்ளே திருகி ஒரு சுற்று வெளியே எடுத்து, வயரைக் குறடால் இழுத்துப் பிடித்து இறுக்குங்கள். வாஷருக்கடியில் அதற்கென்று ஒரு பள்ளம் உண்டு. வயர் போல்ட்டின் மறுபக்கமாகப் போனால் இழுப்பின் அளவு மாறி, இரண்டு கியர் சரியாக விழும், மூன்றாவது விழாது. அந்தக் குழப்பத்துக்கு நாள்கணக்கில் காரணம் தேடுகிறவர்கள் உண்டு.

பிறகு லீவரில் ஒரு கிளிக். செயின் அடுத்த பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் அட்ஜஸ்டரைக் கால் சுற்று வெளியே. அதற்கும் அடுத்த பல்லில் உரசினால் கால் சுற்று உள்ளே. ஏறுவது சரியாக இருந்து இறங்குவது மட்டும் தாமதம் என்றால் அட்ஜஸ்டரைத் தொடாதீர்கள், அவுட்டரில் உராய்வு இருக்கிறது. பி ஸ்குரூ (பல்சக்கரத்திலிருந்து டீரெய்லர் நிற்கும் தூரத்தை மாற்றுவது) உள்ள மாடலில், பெரிய பல்லுக்கும் மேல் குட்டிச் சக்கரத்துக்கும் இடையே 5-6 மி.மீ. விடுங்கள்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், பைக்கிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயில் அதைவிட வேண்டாம். அதில் இரும்புத் துகள் இருக்கும். சைக்கிள் செயின் ஆயில் கண்ணிக்கு ஒரு துளி, பிறகு வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். புது வயரும் அவுட்டரும் முதல் வாரத்தில் சற்று அமர்ந்து இடம் பிடிக்கும். அப்போது சத்தம் வந்தால் அட்ஜஸ்டரைக் கால் சுற்று வெளியே எடுங்கள். எச், எல் ஸ்குரூ இரண்டையும் தொட வேண்டாம்.