கடித்ததா, துப்பியதா?

அந்தப் பெரியவர் எங்கள் விலங்கு மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னதை இன்றும் வார்த்தை மாறாமல் என்னால் சொல்ல முடியும். "தம்பி, நாய் புதருக்குள் மூக்கை விட்டது. கறுப்பாக ஒன்று படமெடுத்தது. இப்போது கண்ணைத் தரையில் தேய்த்துத் தேய்த்து அழுகிறது."

"கடித்ததா ஐயா, துப்பியதா?"

"கடித்த மாதிரி தெரியவில்லை. ரத்தம் இல்லையே."

அந்த 'இல்லையே'யைப் பிடித்துக்கொண்டேன். 2011இல் ரயில் நின்றுபோன பழைய தண்டவாளப் பாதைப் பக்கம் என்றார். விஷம் துப்பும் நாகம் சிங்கப்பூருக்குப் புதிதல்ல. கண்ணில் பட்டால் உடனே 15 நிமிடமாவது தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கழுவாமல் விட்டால் கருவிழி புண்ணாகிவிடும். "முதலில் கழுவுங்கள், பிறகு கிளம்புங்கள்" என்றேன். துப்பியிருந்தால் மிகச் சரியான பதில்.

ரோமத்துக்குள் பல் தடம் தெரியாது, ரத்தம் வராமலும் போகலாம் என்பது எனக்குத் தெரியாதா என்ன? கழுவி முடித்து, சாலைவரை நாயை நடத்தியே கூட்டிவந்திருக்கிறார். நடந்தால் விஷம் வேகமாகப் பரவும். தூக்கி வாருங்கள் என்று சொல்லாமல் விட்டதும் நான்தான்.

வந்து சேர்ந்தபோது மேலுதடு ஒரு பக்கம் கொழுக்கட்டையாக வீங்கியிருந்தது. இமைகள் சரிந்து, எச்சில் நூலாக ஒழுகியது. நாக விஷம் மூச்சுத் தசைகளை முடக்கினால் அவ்வளவுதான். டாக்டர் தொண்டையில் குழாய் செருகினார். விடியும்வரை நானும் இன்னொரு தாதியும் மாறி மாறிக் காற்றுப் பையை அழுத்தினோம். விஷமுறிவு மருந்தை, சின்ன நாய்தானே என்று குறைத்துக் கொடுக்க முடியாது. ஏறிய விஷத்துக்குத்தான் கணக்கு.

பிழைத்துவிட்டது.

"அந்த 15 நிமிடத்தால் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது" என்றார் டாக்டர். உண்மையா, ஆறுதலா? நான் கேட்கவில்லை. சாயச் சொட்டு விட்டுப் பார்த்தபோது கண்ணில் ஒரு கீறல்கூட இல்லை. அதுவும் அதே 15 நிமிடத்தின் புண்ணியம்.

இப்போதெல்லாம், "போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு டாக்சியில் ஏறுங்கள், வழியில் ஊற்றுங்கள்" என்கிறேன். போன மாதம் அப்படி வந்த நாய்க்குக் கடி இல்லை, வெறும் துப்பல். தண்ணீரில் பாதி இருக்கையில்தான் கொட்டியிருந்தது; ஒரு கண் மங்கியே போய்விட்டது. ஓடும் வண்டியில் திமிறும் நாயின் கண்ணில் யாரால் ஊற்ற முடியும்?

பெரியவர் தடுப்பூசிக்கு வரும்போதெல்லாம் காத்திருப்பவர்களிடம் என்னைக் காட்டி, "இந்தத் தம்பி சொன்னபடி செய்தேன், அதனால்தான் உயிரோடு இருக்கிறது" என்பார். நான் கணினியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாயின் உதட்டில் சதை அழுகி விழுந்த இடத்தில் ஒரு பல் எப்போதும் வெளியே தெரியும்.